வலது முன் தண்டு

எங்கள் ஊர் மாதா கோயில் சப்பரத்தில் வலது முன் தண்டு எங்கள் வீட்டுக்கு உரியது. கோயில் கட்டும்போது உத்தரத்துக்கு மரம் கொடுத்தவர் என் கொள்ளுத்தாத்தா. அவர்தான் முதலில் அந்தத் தண்டைத் தோளில் வாங்கினார். அவருக்குப் பிறகு தாத்தா, அப்பா, நான். முப்பத்தொரு திருநாள் நான் தூக்கியிருக்கிறேன். ஒருமுறைகூட வழியில் ஆள் மாற்றியதில்லை. முழங்கால் தேய்ந்து டாக்டர் கையை விரித்த வருஷம், 2004இல், என் மகன் அமலதாஸின் தோளில் துண்டை நாலாக மடித்து வைத்து, "இனிமே உன்னுது" என்றேன்.

ஊர் திண்டிவனத்துக்கு மேற்கே ஒன்பது கிலோமீட்டர். கோயிலைச் சுற்றி மேலண்டைத் தெருவும் நடுத்தெருவும். ஏரி வாய்க்காலுக்கு அப்பால் கீழண்டைத் தெரு. மூன்று தெருப் பிள்ளைகளுக்கும் ஒரே தொட்டியில்தான் ஞானஸ்நானம். ஆனால் திருநாளன்று சப்பரம் வாய்க்கால் பாலம்வரை போய் அங்கேயே திரும்பிவிடும். கீழண்டைத் தெருக்காரர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு நிற்பார்கள். தண்டைத் தொடுவதில்லை. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டிய அவசியம் வந்ததும் இல்லை.

தண்டு இரண்டு. தண்டுக்கு நாலு ஆள். வலது முன் எங்களுடையது என்றால் இடது முன் என் பங்காளி இஞ்ஞாசிமுத்து வீட்டுடையது. அவர்கள் வீட்டு ஆட்கள் குள்ளம். நாங்கள் உயரம். அதனால் எங்கள் சப்பரம் எப்போதும் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்துதான் போகும். மாதா தலையைச் சாய்த்து வேண்டுதல் கேட்கிறாள் என்று பெண்கள் சொல்வார்கள். நாங்களும் அப்படியே சொல்லிக்கொண்டோம்.

2012 திருநாளில் நடுத்தெருக் கிணற்றருகே அமலதாஸுக்கு மூச்சு முட்டியது. அப்போது அவனுக்கு முப்பத்தெட்டு வயது, நூற்றுநாலு கிலோ. கழுத்து நரம்பு புடைத்து, வாய் திறந்து, ஏர் இழுக்கும் மாடு மாதிரி இரைத்தான். "அப்பா, முடியல" என்று ஒரு சத்தம் வந்தது. சப்பரம் குலுங்கி, மாதாவின் காலடியில் இருந்த கண்ணாடி விளக்கு தரையில் விழுந்து நொறுங்கியது. நாலு பேர் ஓடிவந்து தண்டை வாங்கினார்கள். என் மகன் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டான். ஊரே பார்த்தது.

மறுநாள் பங்குச் சாமியார் முன்னிலையில் இஞ்ஞாசிமுத்து எழுந்தான்.

"அண்ணே, தப்பா எட்த்துக்காதீங்க. ஒடம்ப மட்டும் வளத்துக்கினா போதுமா? எங்க வூட்ல ரெண்டு பசங்க சும்மா கீறானுங்க. வலப்பக்கமும் நாங்களே பாத்துக்கறோம்."

"ஒரு வருஷம் டைம் குடு" என்றேன்.

"குடுத்தோம். அடுத்த திருநாளுக்கு உங்க புள்ள முழு சுத்தும் வரணும். எங்கனா எறக்கி வெச்சான்னா தண்டு எங்குளுது. சாமியாரே சாட்சி."

சாமியார் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து அமலதாஸிடம் நான் அதிகம் பேசவில்லை. "நீ தூக்கலன்னா நான் தூக்கறேன். பாலத்துகிட்ட போறதுக்குள்ள செத்துருவேன். அப்பறம் நீ நிம்மதியா பரோட்டா துன்னு" என்றேன். அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அவனைச் சோம்பேறி என்று சொல்ல மாட்டேன். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தான், வேர்க்கடலை வாங்கி விற்கும் கடை. காலை எட்டு மணிக்குத் திறந்தால் லாரி ஏறும்வரை நாற்காலிதான். என் மருமகள் அற்புதமேரி அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. பேத்தி வெனிலா அப்போது ஏழாவது. மேரிக்கு இரவு வேலை வரும் வாரங்களில் அவன்தான் எழுந்து சோறு வடித்து, பிள்ளைக்குத் தலை பின்னி, ஸ்கூலில் இறக்கிவிட்டு மண்டிக்குப் போவான். பதினொரு மணிக்குப் பசிக்கும்போது கையில் கிடைப்பது பரோட்டா. சாயங்காலம் லோடு ஏறும்வரை டீயும் போண்டாவும். வீட்டுக்கு வந்து ஒரு சாப்பாடு. தனக்கென்று அவன் எடுத்துக்கொண்ட நேரம் அந்தச் சாப்பாட்டு நேரம்தான். அதுதான் உடம்பில் ஏறியது.

அக்டோபரில் ஒருநாள் விடிவதற்கு முன்பே வண்டி சத்தம் கேட்டது. மேரியைக் கேட்டேன்.

"திண்டிவனத்துல ஒரு கிரவுண்டுல பேட்ச் நடக்குதாம் மாமா. ஓட்றதுக்கு. ஒரு மிலிட்டரிக்காரரு சொல்லித் தர்றாராம்."

அன்று ராத்திரிச் சோற்றின்போது தகப்பனும் மகளும் பேசியதை முன்னறையில் உட்கார்ந்து கேட்டேன்.

"இன்னாப்பா ஆச்சு? எத்தினி ரவுண்டு ஓடன?"

"ஒண்ணரை. அப்பறம் வாந்தி எட்த்தேன்."

"சீ! எல்லாரும் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. மாசிலாமணின்னு ஒரு டவுன் பஸ் டிரைவரு. 'மண்டிக்காரரே, மூட்டைய எறக்கி வெச்சிட்டு ஓடுவாங்க. நீங்க வவுத்துல கட்டிக்கினு ஓடறீங்களே'ன்றாரு."

வெனிலா சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறியது.

"எத்தினி பேருப்பா?"

"இருவத்திரெண்டு. நான் இருவத்திரெண்டாவது."

"கடைசியா?"

"அங்க கடைசின்னு ஒண்ணு கெடையாதும்மா. முன்னால முடிச்சவன் அத்தினி பேரும் திரும்பி வந்து, பின்னால வர்றவன் கூட சேந்து ஓடணும். அவன் முடிக்காம யாரும் தண்ணிய வாயில வெக்கக் கூடாது. சாரோட ரூலு."

"இருவத்தோரு பேரும் ஒனக்காவ திரும்பி வந்தாங்களா?"

"வந்தாங்களே. காந்திமதின்னு ஒரு டீச்சரம்மா, அம்பது வயசு இருக்கும். சுடிதார் போட்டுக்கினு ஓடுது. எங்கிட்ட வந்து, 'தம்பி, ஜல்தியா வாப்பா, எனக்கு நாக்கு வறண்டுபோவுது'ன்னுச்சு. அந்தம்மாவுக்குத் தாகமேன்னுதான் மிச்சம் அரை ரவுண்டு நடந்தேன்."

"வெக்கமா இல்ல?"

"இருந்துச்சு. ஆனா கிணத்துகிட்ட ஒக்காந்தனே, அந்த வெக்கம் இல்ல இது. வேற மாதிரி."

அந்த வெட்கத்துக்கும் இந்த வெட்கத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நான் முயலவும் இல்லை. பையன் போகிறான் அல்லவா, அது போதும் என்று இருந்தேன்.

அவன் விடவில்லை. மழைக்காலத்தில் கிரவுண்டு குளமாக நின்ற நாட்களிலும் போனான். மேரிக்கு இரவு வேலை விழுந்த வாரங்களில், பாதித் தூக்கத்தில் இருந்த பிள்ளையைப் போர்வையோடு வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனான். அவள் கிரவுண்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். கொஞ்ச நாளில் அவள் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் வந்தது. மொத்தப் பேட்சுக்கும் அவள்தான் நேரம் பார்க்கிறாளாம். பரோட்டா நின்றது. காலையில் கேப்பைக் கூழ், மத்தியானம் மேரி கட்டிக்கொடுக்கும் சோறு, பதினொரு மணிக்கு அவித்த மல்லாட்டை ஒரு கை. சனிக்கிழமைதோறும் மண்டித் தராசில் மூட்டை ஏற்றும் பலகைமேல் தானே ஏறி நிற்பான். சுமைக்காரர்கள் சுற்றி நின்று கத்துவார்களாம். தை மாதம் பதினொரு கிலோ இறங்கியிருந்தது. சித்திரை வெயிலில் பத்தொன்பது. "மொதலாளி, அரை மூட்டை எறங்கிப்போச்சு" என்று ஒருவன் ஏலம் கூவுவதுபோலக் கூவினானாம். அதைச் சொல்லும்போது அமலதாஸின் முகத்தில் பள்ளிக்கூடம் படித்த காலத்துக் களை இருந்தது.

நான் வாயால் பாராட்டவில்லை. அது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. ஆனால் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, இஞ்ஞாசிமுத்து காதில் விழும்படி, "எம் புள்ள பத்து கிலோமீட்டரு ஓட்றான்" என்று நாலு பேரிடம் சொன்னேன்.

ஜூலையில் ஒருநாள் அவன் ஓடுவதைப் பார்க்க எனக்கே ஆசை வந்தது. முந்தைய நாள் வயலில் பிடுங்கிய மல்லாட்டையை உப்புப் போட்டு அவிக்கச் சொன்னேன். அவனோடு ஓடுகிறவர்களுக்கும் கொடுக்கலாம் என்று இரண்டு படி. பை சூடாக இருந்தது. சலவை வேட்டி கட்டிக்கொண்டு முதல் டவுன் பஸ்ஸில் ஏறினேன்.

கிரவுண்டு சுற்றுச்சுவர் ஓரம் நின்று பார்த்தேன். விடிந்துகொண்டிருந்தது. ஆறு பேர் ஒரு பனந்துண்டைத் தோளில் வைத்துக்கொண்டு, கால் சேர்த்து, ஒரே மூச்சில் வந்துகொண்டிருந்தார்கள். துண்டு கொஞ்சமும் ஆடவில்லை. அதன்மேல் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்திருந்தாலும் சிந்தியிருக்காது. இரண்டாவது ஆள் என் மகன். வயிறு இல்லை. கழுத்து தெரிந்தது. என் அப்பாவின் தோள் அது. கண் நிறைந்து போனது எனக்கு.

பிறகுதான் முதல் ஆளைப் பார்த்தேன். முகத்துக்கு முன் நடை தெரிந்தது. இடது பாதத்தைக் கொஞ்சம் வெளியே வைக்கும் நடை. எங்கள் நிலத்தில் ஏர் ஓட்டிய கீழண்டைத் தெரு சூசையின் நடை. சூசையின் மகன் சவுரிராயன் பதினெட்டு வயதில் பட்டாளத்துக்கு ஓடியவன். பிறகு ஊருக்குள் வந்து நான் பார்த்ததில்லை. மிலிட்டரிக்காரர் என்று ஒன்பது மாதமாக என் வீட்டில் பேசப்பட்டது இவனைத்தான்.

பனந்துண்டை இறக்கினார்கள். ஒரு பெரியவர் இன்னும் கடைசிச் சுற்றில் இருந்தார். எல்லோரும் திரும்பி ஓடி அவரைக் கூட்டிவந்தார்கள். பிறகு ஒரே பாட்டில் கைமாறியது. சவுரிராயன் குடித்துவிட்டுக் கொடுத்ததை என் மகன் வாய் வைத்துக் குடித்தான்.

நான் உள்ளே போகவில்லை. மல்லாட்டைப் பையை எங்கே விட்டேன் என்று நினைவில்லை. பஸ்ஸில் இருந்து இறங்கியபோது கையில் இல்லை.

அன்று சோற்றின் முன் உட்கார்ந்தவனிடம் கேட்டேன்.

"அந்த மிலிட்டரிக்காரன் பேரு இன்னா?"

அமலதாஸ் மேரியைப் பார்த்தான். மேரி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். இருவருக்கும் தெரியும் என்பது அப்போது எனக்குத் தெரிந்தது.

"சவுரிராயன் சாரு."

"சாரா? சூசை மவன் ஒனக்கு சாரா?"

"அவில்தாரா இருந்து ரிட்டையர் ஆனவருப்பா. போலீஸ்ல இருக்கறவங்கூட சாருன்னுதான் கூப்புடறாங்க."

"ஊருல நாம தண்ட தொட வுடாத ஆளு. அவங்கூட நீ தோள்ல தோள் ஒரசி மரம் தூக்கற. அவன் எச்சித் தண்ணிய குடிக்கற. இஞ்ஞாசிமுத்துக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்?"

"தெரியட்டும்பா."

"இன்னாடா சொன்ன?"

"மாமா, சாப்புட்டுப் பேசலாமே" என்றாள் மேரி.

"நீ சும்மா இரு. ஒம்பது மாசமா மறச்சிருக்க நீயும்."

அமலதாஸ் தட்டைத் தள்ளிவைத்தான். குரலை உயர்த்தவில்லை. அவன் ஒருபோதும் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை.

"அப்பா, மொத வாரம் எனக்கு நெஞ்சு வலின்னு நெனச்சி கிரவுண்டுலயே படுத்துட்டேன். வூட்டுக்கு போன் பண்ணாதீங்கன்னு அழுதேன். அந்த மனுசன் எந் தலைய மடியில வெச்சிக்கினு, மூச்ச எண்ணச் சொன்னாரு. ஒண்ணுலேர்ந்து நூறு வரிக்கும் கூடவே எண்ணுனாரு. அப்பறந்தான் நான் யாரு புள்ளன்னு கேட்டாரு. சொன்னேன். 'உங்கப்பா தண்டு தூக்கி வர்றத பாலத்துகிட்ட நின்னு பாத்திருக்கேன். ஆடாம வருவாரு. நீயும் அப்பிடி வரணும்'ன்னாரு. அவ்ளோதான்பா சொன்னாரு."

என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை என் பங்காளிகள்கூடச் சொன்னதில்லை. ஆனாலும் நான் இளகவில்லை.

"இன்னொண்ணு சொல்றேன். கோவப்படாதீங்க. நம்ம சப்பரம் சாயறது மாதா தலை சாய்க்கறதால இல்ல. நாம உரிமைப்படி நிக்கறோம். ஒசரப்படி நிக்கல. எனக்கும் இஞ்ஞாசி சித்தப்பா பையனுக்கும் நாலு வெரக்கடை வித்தியாசம். சாஞ்சா பாரம் பூரா அவன் பக்கம் போவுது. இந்த வாட்டி அவன நடுவுல வுட்டுட்டு, ஒசரமான ஆளா ஒருத்தன முன்னால நிக்க வெச்சா..."

"யாரு? சவுரிராயனா?"

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"கேட்டுக்க. திருநாள் வரிக்கும் அந்தக் கிரவுண்டுல கால் வெக்கக் கூடாது. வெச்சன்னா நானே சாமியார்கிட்ட போயி தண்ட இஞ்ஞாசிமுத்துக்குக் குடுத்துட்டு வர்றேன். நாலு தலைமுறை ஒன்னோட முடிஞ்சிதுன்னு நெனச்சிக்கறேன்."

வெனிலா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கியது.

அமலதாஸ் அவளைப் பார்த்துவிட்டு, "போவல" என்றான்.

மறுநாளிலிருந்து ஏரிக்கரையில் தனியாக ஓடினான். முதலில் தினமும். பிறகு வாரத்தில் நாலு நாள். ஒருநாள் கரை மதகில் உட்கார்ந்திருந்தவனை மாடு ஓட்டிப்போன நான் பார்த்தேன். "ஓடலியா?" என்றேன். "முடிச்சா திரும்பி வந்து கூட்டுப்போவறதுக்கு ஆளும் இல்ல, யாருக்காவ முடிக்கணும்னும் தெரியலப்பா" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் மாட்டை ஓட்டிக்கொண்டு போனேன்.

2013 திருநாளுக்கு மூன்று நாளாக மழை. தெரு களிமண்ணாகக் கிடந்தது. சப்பரத்தைப் படுதாவால் மூடி, சாயங்காலம் ஐந்தரைக்கு மழை விட்டதும் எடுத்தார்கள். நான் வெள்ளிச் சிலுவை பிடித்து முன்னால் நடந்தேன். அமலதாஸ் வலது முன் தண்டில். நடுத்தெருக் கிணற்றைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். வாயை மூடியிருந்தான். மூச்சு மூக்கால் போய்க்கொண்டிருந்தது. தண்டு ஆடவில்லை. இஞ்ஞாசிமுத்துவை ஒரு பார்வை பார்த்தேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தப் பார்வையின் ருசிக்காக எவ்வளவோ கொடுத்திருப்பேன். கொடுத்தும்விட்டேன்.

வாய்க்கால் பாலத்தில் திரும்ப வேண்டும். திருப்பத்தில் தரை இடப்பக்கம் சரிவு. இடது முன் தண்டில் இஞ்ஞாசிமுத்துவின் மகன். ஏற்கெனவே சாய்ந்த பாரம் முழுக்க அவன்மேல் இறங்கியது. களிமண்ணில் அவன் குதிகால் வழுக்கியது. முட்டி மடங்கிற்று. பின்னால் இருந்தவர்கள் "ஏய், ஏய்" என்று கத்தினார்கள். மாதா சுரூபம் சாய்ந்து, பூமாலை ஒருபுறம் தொங்கியது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் மெழுகுவத்திகள். அவற்றுக்கு முன்னால் சவுரிராயன் நின்றிருந்தார். பக்கத்தில் திருநாள் பார்க்க வந்த பஸ் டிரைவர் மாசிலாமணி. பத்தடி தூரம் இருக்காது.

"சார்!" என்று கத்தினான் அமலதாஸ். "எடப்பக்கம், முன்னால!"

சவுரிராயன் மெழுகுவத்தியைக் கீழே போட்டுவிட்டு வந்தார். நல்ல உயரம். என் மகன் உயரம். பாலத்தின்மேல் இரண்டே எட்டு. கை தண்டை நோக்கி நீண்டது.

"நில்லுடா அங்கயே!" என்றேன். "தொடாத!"

என் குரல் எனக்கே அவ்வளவு பெரிதாகக் கேட்டதில்லை. மேளம் நின்றது. பட்டாளத்தில் இருபத்துநாலு வருஷம் இருந்தவர் அல்லவா. சொல் கேட்ட இடத்தில் கால் அப்படியே நின்றது. நீட்டிய கை நீட்டியபடியே.

சப்பரம் இடப்பக்கம் இறங்கியது. பையன் தண்டுக்கு அடியில் போனான். காறை எலும்பு முறிந்த சத்தம் முன்னால் நின்ற எனக்குக் கேட்டது. வலப்பக்கம் முழுவதையும் என் மகன் பிடித்து நின்றான். முட்டுக்கட்டை கொண்டுவந்து கொடுக்கும்வரை அவன் தோள் இறங்கவில்லை. மாதா கீழே விழாமல் நின்றது அவனால்தான். மேரி ஓடிவந்து, சேற்றில் மண்டியிட்டு, தன் முந்தானையைக் கிழித்து அந்தப் பையனின் கையை நெஞ்சோடு கட்டினாள்.

எல்லாம் நிலைக்கு வந்தபின் அமலதாஸ் தோளிலிருந்த துண்டை எடுத்தான். நாலாக மடித்துத் தண்டின்மேல் வைத்தான். என்னைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அது இல்லை. பாலத்தைத் தாண்டிப் போய் சவுரிராயன் பக்கத்தில் நின்றுகொண்டான்.

"டேய், வாடா. இன்னும் பாதி சுத்து கீது" என்றேன்.

"நீங்க கூட்டுப் போங்கப்பா" என்றான். "தண்டு உங்குளுது."

நான் தூக்கினேன். எழுபத்தொரு வயதில், தேய்ந்த முழங்காலோடு. வழக்கம் முறியக் கூடாது. கோயில்வரை கொண்டுவந்து சேர்த்தேனா, மற்ற ஏழு பேர் சேர்த்தார்களா என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆனால் எங்கள் வீட்டுத் தோள் தண்டைவிட்டு விலகவில்லை. சாமியாரே சாட்சி.

மறுநாள் காலை மேரி காபி கொண்டுவந்து வைத்தாள். போகாமல் நின்றாள்.

"மாமா, கிரவுண்டுக்குப் போவக் கூடாதுன்னீங்களே, அப்பவே விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு டிரான்ஸ்பர் கேட்டிருந்தேன். வந்துருச்சி. நாங்க மூணு பேரும் போறோம்."

"மண்டி?"

"கூட்டாளிகிட்ட வுட்டுட்டாரு. அங்க ஒரு கமிஷன் கடை பாத்திருக்காரு."

"அவன் எங்கிட்ட சொல்ல மாட்டானா?"

"சொல்லுவாரு மாமா. ஆனா நீங்க வேணாம்னு தலைய ஆட்டிட்டீங்கன்னா அவரால போவ முடியாது. அதனாலதான் நான் சொல்றேன்."

நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வெனிலா போகும்போது காலில் விழுந்து நெற்றியில் சிலுவை வாங்கிக்கொண்டாள். ஸ்டாப்வாட்ச் அவள் கழுத்தில் இல்லை. எங்கே என்று கேட்டேன். "சார்கிட்ட குடுத்துட்டேன் தாத்தா. அது பேட்சோடது" என்றாள்.

அடுத்த வருஷம் இரண்டு தண்டுக்கும் சேர்த்து எட்டு ஆள் சேரவில்லை. காறை எலும்பு முறிந்த பையன் ஓமனுக்குப் போய்விட்டான். இஞ்ஞாசிமுத்து வலது தண்டைக் கேட்கவில்லை. இடது தண்டையும் வேண்டாம் என்றான். சாமியார் டிராக்டர் டிரெய்லரில் மாதாவை வைக்கச் சொன்னார். சப்பரம் இப்போது சாய்வதில்லை.

ஒருநாள் டவுன் பஸ்ஸில் மாசிலாமணி என்னை அடையாளம் கண்டுகொண்டார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார்.

"பெரியவரே, உங்க புள்ள விழுப்புரத்துல நாப்பது பேர ஓட்டிக்கினு கெடக்கறான். டாக்டரு, ஆட்டோக்காரன், பூ விக்கற அம்மா, எல்லாம். அதே ரூலு. போயி பாக்கலியா?"

"பாக்கணும்" என்றேன். இன்னும் போகவில்லை. மகன் மாதம் ஒருமுறை வருகிறான். மாத்திரை வாங்கித் தருகிறான். மோட்டாருக்கு எண்ணெய் விட்டுப் போகிறான். திருநாளுக்கு மட்டும் வருவதில்லை.

போன திருநாளில் நான் டிரெய்லரின் வலது முன் மூலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நடந்தேன். அது எங்கள் இடம். யாரும் தடுக்கவில்லை, கேலியும் செய்யவில்லை. அந்த மூலை யாருக்கும் வேண்டியதாக இல்லை. வாய்க்கால் பாலம் வரும்போது மூச்சு இரைத்தது. கை வழுவியது. டிராக்டர் திரும்பியது. மேளமும் சீரியல் விளக்குகளும் நடுத்தெருப் பக்கம் போயின. நான் பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசி ஆள் நான். எங்கள் ஊரில் பின்தங்கியவனைத் திரும்பி வந்து கூட்டிப்போகும் வழக்கம் கிடையாது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் சவுரிராயன் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. கையில் ஒரு தண்ணீர் பாட்டில். என்னைப் பார்த்தார். நான் இரைப்பதைப் பார்த்தார். ஒரு எட்டு எடுத்துப் பாலத்தில் வைத்தார். இரண்டாவது எட்டும் வைத்தார். பிறகு நின்றுவிட்டார். அதே இடம். அன்று நான் நிறுத்திய இடம்.

"வாங்க" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த ஒரு சொல்லுக்காக அவர் நிற்கிறார் என்பதும் எனக்குத் தெரிந்தது. எழுபத்தைந்து வருஷமாக அந்தப் பக்கம் பார்த்துச் சொல்லிப் பழகாத சொல்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மேளச் சத்தம் வந்த திசையில் நடந்தேன். கிணற்றருகே வந்து நின்று திரும்பிப் பார்த்தேன். அவர் அங்கேயே நின்றிருந்தார். பாட்டிலை இன்னும் திறக்கவில்லை.